ஒரு நகரம் மறைத்த பிளேக்

1906 ஏப்ரலில் வந்த நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் பிரான்சிஸ்கோவின் அரசு ஆவணங்கள் பெருமளவு அழிந்தன. 1900இல் அந்நகரில் தோன்றிய பிளேக்கைத் தேடிய எனக்குப் பழைய நாளிதழ்களே முதல் சாட்சி. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் மின்வடிவில் காக்கும் 'சான் பிரான்சிஸ்கோ கால்' ஏட்டில் தொடங்கினேன்.

ஜனவரிச் செய்திகள் ஹொனலூலுவைப் பற்றியவை. பிளேக்கை ஒழிக்கவென்று மூட்டிய தீ பரவி, அங்கே சீனர் குடியிருப்பே எரிந்துபோனது. அயலூர்ப் பிளேக்கை ஏடு நம்பியது. மார்ச் 6 அன்று சொந்த ஊரிலேயே, சைனாடவுன் விடுதி ஒன்றின் நிலவறையில், நெறிகட்டிய ஒரு சடலம் கிடைத்தது. மறுநாள் அப்பகுதியைக் கயிறு கட்டி அடைத்தார்கள். சீனர்களை மட்டும் அடைத்த அநீதி அது. கூட்டரசு மருத்துவர் ஜோசப் கின்யூன், இறந்தவரின் நிணநீரை எலிக்கும் கினிப் பன்றிகளுக்கும் ஒரு குரங்குக்கும் செலுத்திவிட்டுக் காத்திருந்தார். சில நாட்களில் அவை செத்தன. ஆனால் 'கால்', 'க்ரானிக்கிள்', 'புல்லட்டின்' மூன்றுமே பிளேக்கைக் கட்டுக்கதை என்றன. கின்யூனை எள்ளி நகையாடின.

தெரியாமல் எழுதினார்களா, தெரிந்தே எழுதினார்களா? இதுதான் என்னை விடாமல் இழுத்த கேள்வி. கலிபோர்னியாவின் பழங்களுக்கும் சரக்குகளுக்கும் பிற மாநிலங்கள் கதவடைக்குமோ என்று வணிகர்கள் நடுங்கினார்கள். பிளேக் செய்தி வெளியிடுவதையே குற்றமாக்கலாம் என்றார் ஆளுநர் ஹென்றி கேஜ். 1901 தொடக்கத்தில் சைமன் ஃப்ளெக்ஸ்னர் உட்பட மூன்று அறிஞர்கள் வந்து ஆராய்ந்து, பிளேக்தான் என்று உறுதிசெய்தார்கள். அந்த அறிக்கையை வெளியிடாதிருக்கும்படி கேட்க வாஷிங்டனுக்குப் போன குழுவில் நாளிதழ்களின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். இதை வெளியே கொண்டுவந்த ஏடுகளில் முக்கியமானது பக்கத்து ஊரின் 'சாக்ரமென்டோ பீ'. என் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது: தெரிந்தேதான் மறைத்தார்கள்.

மறைத்ததால் அச்சம் போய்விடவில்லை. கிருமியின் மேல் இருக்க வேண்டிய அச்சம் மருத்துவர் மேலும் சீனர் மேலும் திரும்பியது. கின்யூன் இடமாற்றப்பட்டார். சைனாடவுன் மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1904 வரை அறியவந்த சுமார் 120 நோயாளிகளில் பிழைத்தவர் மிகச் சிலரே.

1907இல் பிளேக் மீண்டும் வந்தபோது கூட்டரசு மருத்துவர் ருப்பர்ட் ப்ளூ எலி ஒழிப்பைத் தொடங்கினார். இம்முறை ஏடுகளும் வணிகர்களும் துணை நின்றார்கள். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தார்கள். ஆனால் அதற்குள் கிருமி எலிகளிலிருந்து காட்டு அணில்களுக்குத் தாவியிருந்தது. கலிபோர்னிய அணில்களிடம் அது இன்றும் இருக்கிறது.