இரத்த அணுக் கணக்கும் இரைப்பைப் புற்றுநோயும்

இரைப்பைப் புற்றுநோயாளியின் வாழ்நாளை முன்கணிக்க உதவும் எளிய குறியீடுகளுள் ஒன்று, நியூட்ரோபில், லிம்போசைட் என்னும் இருவகை வெள்ளையணுக்களின் விகிதமாகும்.

1879-இல் செருமானிய அறிஞர் பால் எர்லிக், சாயமேற்றி வெள்ளையணுக்களை வகைபிரிக்கும் முறையை வெளியிட்டார். 2001-இல் சுலோவாக்கிய மருத்துவர் சாஹோரெட்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் இவ்விகிதத்தை ஆராய்ந்தார். பின்னர் அது புற்றுநோய் ஆய்வுகளிலும் இடம்பெற்றது.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் நியூட்ரோபில் 6,000, லிம்போசைட் 1,500 எனில் விகிதம் 4 ஆகும். உடலில் அழற்சி மிகுந்தால் முன்னது கூடும். நோயெதிர்ப்புத் தளர்ந்தால் பின்னது குறையும். சிகிச்சைக்கு முன் விகிதம் உயர்ந்திருந்தோர் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்ந்தனர் எனப் பல ஆய்வுகள் காட்டின. ஆயினும் நோய்த்தொற்றிலும் இது உயரும். ஆகவே நோயின் படிநிலையோடு சேர்த்தே இதனைக் கருதவேண்டும்.

கன்னிவாடி போன்ற பேரூரிலும் இரத்த அணுக்களை எண்ணிவிடலாம். ஆனால், நோயாளி எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதைத் தொடர்ந்து பதிந்தால்தான் அவ்வெண்ணுக்குப் பொருள் கிடைக்கும். அடையாறு புற்றுநோய் நிலையம் 1981-இல் சென்னை நகருக்கான பதிவேட்டைத் தொடங்கியது. அக்காலத்தில் சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. 2003-இல் திண்டுக்கல் மாவட்டத்துக்கு அம்பிளிக்கைப் பதிவேடு அமைந்தது. அதனால் இம்மாவட்டத்துச் சிற்றூர் நோயாளியும் கணக்கில் சேர்ந்தார்.