கோயிலும் அதன் பொருட்பட்டியலும்: அம்பர்நாத்தும் தஞ்சையும்

சயானிலோ மாட்டுங்காவிலோ மின்தொடர்வண்டி ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடியது அம்பர்நாத் சிவன் கோயில். பாண்டவர்கள் ஒரே இரவில் கட்டினார்கள் என்பது ஊர்வழக்கு. சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060, என்பது அங்குள்ள கல்வெட்டு தரும் காலம். தாணேயைத் தலைநகராகக் கொண்டு வடகொங்கணத்தை ஆண்ட சிலாகார மன்னன் மாம்வாணியின் ஆட்சியில் இக்கோயில் எழுந்தது. கருங்கல் சுவரெங்கும் சிற்பங்கள்: திரிபுரம் எரித்தவர், உமையை மணம்புரியும் சிவன், பிரமன், காளி, ஆடல் மகளிர். கருவறையோ தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது; படியிறங்கிச் சென்று லிங்கத்தை வழிபட வேண்டும். 1868-இல் பம்பாய் அரசு கலைப்பள்ளியினரை அனுப்பி இச்சிற்பங்களை வரைந்தும் அச்செடுத்தும் வரச் செய்தது.

கற்பணி எஞ்சிய அக்கருவறையில் ஒரு காலத்தில் எத்தனை விளக்குகள் எரிந்தன? இறைவனுக்கு அணிவித்த நகைகள் யாவை? கல்வெட்டு அரசனையும் அதிகாரிகளையும் பெயர் சொல்லி நின்றுவிடுகிறது. அரசன் எடுத்த கோயில்களுள் பெரும்பாலானவற்றின் நிலை இதுவே. கட்டடம் நிற்கும், அதற்குள் வைத்து வழிபட்ட பொன், வெள்ளி, செம்பு, துணி, எண்ணெய், நறுமணப்பொருள் அனைத்தும் போய்விடும். எஞ்சிய கல்லையே கோயில் எனக் கொண்டு நாமும் கலைவரலாறு எழுதுகிறோம்.

இக்குறையை உணர்த்தும் சான்று அம்பர்நாத்துக்கு அரை நூற்றாண்டு முந்தியது. முதலாம் இராசராசன் தன் பெயரிட்டுத் தஞ்சையில் எடுத்த ராஜராஜீச்சரத்துக்குத் தானும் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு தனது 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளில் ஆணையிட்டான். அதிட்டானத்திலும் திருச்சுற்றுத் தூண்களிலும் நீளும் அவ்வெழுத்துகள், சாரமாகப் பார்த்தால், ஒரு பொருட்பட்டியல்.

அதன் நுணுக்கம் வியப்பூட்டுவது. விமானத்தின் உச்சியில் வைத்த செப்புக்குடத்தின் எடை 3083 பலம். அதற்குப் போர்த்த பொன் 2926½ கழஞ்சு. கழஞ்சுக்கு ஏறத்தாழ 5 கிராம் என்றால் பதினான்கரை கிலோவுக்குச் சற்று மேல். பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல். மணிகள் பதித்த அணிகளுக்குத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் தனிக்கல். முத்துகளை வெறும் முத்து என்று எழுதவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, இரட்டை என வகை பிரித்தே எண்ணினார்கள். கோத்த சரடும் நிரப்பிய அரக்கும்கூடக் கணக்கில் தனியே சொல்லப்பட்டன.

செப்புத் திருமேனிகள் அறுபதுக்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் முழம், விரல் அளவில் உயரம். திருக்கைகள் எத்தனை, பீடம் எத்தகையது, உட்பகுதி கனமா பொள்ளலா என்பனவும் குறிக்கப்பட்டன. குந்தவை தன் பெற்றோரின் படிமங்களை வைத்தாள். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். திருமஞ்சன நீரில் இட ஏலம், சண்பக மொட்டு, இலாமிச்சம் வேர். இவற்றுக்கு நடுவே சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட செல்வத்திலிருந்து செய்தவை இவை என்ற குறிப்பும் வருகிறது. ஆகவே கருவறையின் ஒளியில் போர்க்களத்தின் கொள்ளையும் கலந்திருந்தது. அதை அரசன் மறைக்கவில்லை, பெருமையாகவே எழுதினான்.

பொருள்கள் களவு போகக்கூடும், கணக்கு மாறக்கூடும் என்னும் எச்சரிக்கை இல்லாமல் அளவும் எடையும் இவ்வளவு நுட்பமாகக் கல்லில் ஏறியிரா. காவல் பலிக்கவில்லை. பொற்கலங்கள் இல்லை, திருமேனிகளுள் மிகச் சிலவே எஞ்சின. பாரிஸில் ஒன்பதாம் லூயி மன்னன் எழுப்பி 1248-இல் திருநிலைப்படுத்திய அரண்மனைத் தேவாலயமான சேன்ட் ஷாப்பெல்லின் திருப்பேழையும் பிரெஞ்சுப் புரட்சியில் உருக்கப்பட்டது. அங்கும் பழைய பட்டியல்களைக் கொண்டே இழந்ததை மதிப்பிடுகிறார்கள்.

ஆயினும் பட்டியல் வீணாகவில்லை. இராசராசன், உலகமாதேவி படிமங்கள் எனக் கூறப்பட்ட இரு செப்புருவங்கள் 2018-இல் அகமதாபாத் அருங்காட்சியகத்திலிருந்து தஞ்சைக்குத் திரும்பியபோது, ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் அவ்விருவரின் படிமங்களையும் எழுந்தருளுவித்ததாகச் சொல்லும் கல்வெட்டே பேச்சின் மையமானது. ஆயிரம் ஆண்டு கழித்தும் ஒரு கோயிலால் தன் உடைமையைப் பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது.

நம் காலத்துக் கோயில்களுக்கும் இது பொருந்தும். தாராவியிலும் செம்பூரிலும் தமிழர் எழுப்பிய கோயில்களில் உற்சவர், வாகனம், குத்துவிளக்கு, வெள்ளிக்கவசம் ஆகியவற்றின் அளவும் எடையும் கொடையாளர் பெயரும் ஒளிப்படத்தோடு எங்கேனும் பதிவாகியுள்ளனவா? பழையதை உருக்கிப் புதியது செய்யும் ஒவ்வொரு குடமுழுக்கிலும் சிறிது வரலாறு கரைகிறது. இதற்குக் கல்வெட்டு வேண்டியதில்லை. ஒரு நல்ல பதிவேடு போதும். அம்பர்நாத் கருவறைக்குப் படியிறங்குவோர், அங்கு இல்லாத விளக்குகளையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.