தேய்த்துவிடும் கை

கீழ்க்கட்டளையில் ஸ்பாவுக்குப் புறப்படும் பெண்ணுக்கு நாம் சொல்லும் யோசனைகள் தெரிந்தவைதான்: பத்து நிமிடம் முன்னதாகப் போ, நகையைக் கழற்றி வை, செல்போனை அணைத்துவிடு, ரத்த அழுத்தமோ கர்ப்பமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடு. எண்ணெய்க் குளியலுக்கும் இப்படி ஒழுங்குகள் இருந்தன. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது, குளிர்ச்சியானதைச் சாப்பிடக் கூடாது. எல்லாமே குளிப்பவளின் உடம்புக்கானவை. தேய்த்துவிடும் கைக்கு?

கிராமங்களில் பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து, வயிற்றை நீவி, வெந்நீர் ஊற்றியவர் பெரும்பாலும் நாவிதர் சமூகத்து மருத்துவச்சி. தொப்புள்கொடி அறுக்க அந்தக் கை வேண்டும். ஆனால் அவர் கொல்லைப்புறமாகத்தான் வரவேண்டும். பாட்டி வயதானாலும் ஆதிக்கச் சாதி வீட்டுச் சிறுபிள்ளைகள் அவரை ‘வா, போ’ என்றே கூப்பிட்டார்கள். கூலி, நெல்லும் பழஞ்சேலையும்.

இன்று அது மாதச் சம்பள வேலை. கொல்லைப்புறம் போய்ச் சந்தேகம் வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஸ்பாக்களில் கண்காணிப்பு கேமரா பொருத்த உத்தரவிட்டது. அடுத்த மாதமே மதுரைக் கிளையில் வேறொரு நீதிபதி, அந்தரங்க உரிமையைச் சுட்டி, அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தரங்கம் என்றதும் படுத்திருப்பவளின் உடம்புதான் நம் நினைவுக்கு வருகிறது, நாள் முழுக்க நின்றபடி தேய்ப்பவளுடையது அல்ல.

நானே மூன்றாம் முறை போனபோதுதான் அவர் பெயரைக் கேட்டேன். அதுவரை ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.