அப்பத்தாவின் அடெல்பேன்

என் வயதுக்காரர்களுக்கு அடெல்பேன் என்ற பெயர் நினைவிருக்கும். எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் பிரஷர் மாத்திரை என்றாலே பல வீடுகளில் அதுதான். சாமி படத்துக்குப் பின்னாலோ அரிசிப் பானை மூடி மேலோ அந்த அட்டை இருக்கும். ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அப்பத்தா அதைச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்திருப்பார்.

அந்த மாத்திரையில் இருந்த மருந்துகளில் ஒன்று ரெசர்பின். அது நம் நாட்டு வேர் ஒன்றிலிருந்து கிளம்பி, உலகம் சுற்றி, மாத்திரையாகத் திரும்பி வந்தது என்பது நர்சிங் படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். பின்னாளில் மாணவிகளுக்கு இருதய மருந்துகள் பாடம் எடுத்தபோதெல்லாம் இந்தக் கதையில்தான் தொடங்குவேன். பெயர்களை மனப்பாடம் செய்து அலுத்துப்போன பிள்ளைகள் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வேரின் பெயர் சர்ப்பகந்தா. பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் மனநோய்க்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்து வந்தது. பீகார் பக்கம் பைத்தியத்துக்கான மருந்து என்றே விற்றார்களாம். தாவரவியலில் அதற்கு ராவுல்ஃபியா என்று பெயர். ராவுல்ஃப் 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர்; பாக்தாத் வரை வந்தவர், இந்தியாவை எட்டிக்கூடப் பார்க்காதவர். செடி நம்முடையது, பெயர் அவருடையது!

1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் மனநோயைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தார். ஒன்றுக்கு ஹகீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். தாறுமாறான இதயத் துடிப்புக்கு அஜ்மலின் பின்னாளில் மருந்தானது.

ஆனால் இதெல்லாம் இந்தியாவைத் தாண்டிப் பெரிதாகப் பேசப்படவில்லை. பேச வைத்தவர் பம்பாய் இருதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல். 50 நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, அழுத்தத்தை முறையாக அளந்து, 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ஆய்வாளர்கள் வேரின் சாரமான ரெசர்பினைப் பிரித்தார்கள். 1957-ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்ததை அவர் அளந்து எழுதி வைத்தார், அவ்வளவுதான் என்பார்கள் சிலர். அந்த 'அவ்வளவுதான்' சின்ன வேலை இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது? மாணவிகளுக்கு நான் வயல் பம்ப்செட்டைத்தான் சொல்வேன். இதயம் மோட்டார், இரத்தக் குழாய்கள் பைப். உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 70 தடவை அடித்து 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. மோட்டார் வேகமாக ஓடினாலும் அழுத்தம் ஏறும், பைப் சுருங்கினாலும் ஏறும். இரண்டையும் முடுக்கிவிடுவது நரம்பு நுனிகளில் சேர்த்து வைத்திருக்கும் நார்அட்ரினலின். ரெசர்பின் அந்தச் சேமிப்பைக் காலி செய்துவிடும். துடிப்பு நிதானமாகும், குழாய் தளரும், அழுத்தம் இறங்கும். உடனே இல்லை, நாள் கணக்கில். மாத்திரையை நிறுத்தினாலும் விளைவு சட்டென்று போகாது.

சிக்கல் என்னவென்றால், அதே சேமிப்பு மூளையிலும் இருக்கிறது. அங்கேயும் காலியாகும்.

எங்கள் டியூட்டர் அந்தக் காலத்திலேயே கறாராகச் சொல்வார்: இந்த மருந்து கொடுக்குமுன் பிரஷர் பார், நாடியை முழு நிமிஷம் எண்ணு, படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருக்கச் சொல், மூக்கடைப்பு இருக்கிறதா கேள். கடைசியாக, "ஆள் நேற்று மாதிரி பேசுகிறாரா பார்." சார்ட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.

அந்த வருஷப் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். ஊரையே வம்புக்கு இழுக்கும் அப்பத்தா திண்ணையில் தூணோடு தூணாக உட்கார்ந்திருந்தார். பல்லாங்குழியை எடுத்து வைத்தேன், தொடவில்லை. சாப்பாடும் அரைகுறைதான். "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான்" என்றார் அப்பா. எனக்குச் சுருக்குப் பை ஞாபகம் வந்தது. அட்டையைத் திருப்பிப் படித்தேன். வயிற்றைப் பிசைந்தது.

மறுநாள் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். படிக்கிற பெண் தனக்குச் சொல்ல வந்துவிட்டாளே என்று அவர் கோபிக்கவில்லை. நாடியைப் பார்த்தார், அப்பத்தாவிடம் நாலு கேள்வி கேட்டார், மாத்திரையை மாற்றி எழுதினார்.

மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தாத்தா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரெசர்பினுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு முன்பு நினைத்த அளவுக்கு வலுவானதல்ல என்று பின்னர் சில ஆய்வாளர்கள் எழுதினார்கள்; ஆரம்ப காலத்தில் கொடுத்த டோஸும் அதிகம். பிறகு அட்டெனலால் வந்தது, அம்லோடிபின் வந்தது, அடெல்பேன் மெல்ல ஒதுங்கிவிட்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.)

வேருக்கு வந்த கிராக்கியில் காட்டுச் செடியைத் தோண்டித் தோண்டியே அரிதாக்கிவிட்டார்கள். 1990 முதல் அதன் வெளிநாட்டு வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது.

மாத்திரை மாற்றி இரண்டு மாதம் இருக்கும். ஹாஸ்டலுக்கு அப்பாவிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து, ஓரத்தில் குறுக்காக ஒரு வரி: "உன் அப்பத்தா நேற்று பால்காரனோடு தண்ணீர்ப் பாலுக்காகச் சண்டை போட்டுவிட்டது."