செவ்வரளி: சாமிக்குச் சூட்டலாம், வாயில் வைக்கக்கூடாது

பத்துமலைக்கு மாலை கட்டுபவர்களுக்கும் தோட்டப்புறக் கோயில்களில் பூப்பறித்து வளர்ந்தவர்களுக்கும் செவ்வரளி புதிதல்ல. முருகனுக்கு உகந்த மலர் என்பது நம்மவர் நம்பிக்கை. ஆனால் இச்செடியின் வேர், பட்டை, இலை, பூ, விதை அனைத்தும் நஞ்சு.

தாயகம்

மத்தியதரைக்கடல் நாடுகளின் வறண்ட ஆற்றுப்படுகைகளில் அரளி தானாகவே வளர்கிறது. தமிழருக்கும் இது பழகிய செடிதான். சங்க இலக்கியத்தில் வரும் 'கணவிரம்' செவ்வலரி என்றே உரை கூறப்படுகிறது.

அடையாளம்

அரளி 2 முதல் 6 மீட்டர் வரை வளரும். நீண்டு தடித்த இலைகள் பெரும்பாலும் ஒரு கணுவுக்கு மூன்றாக இருக்கும். இலையின் அடிப்புறத்தில் மூச்சுத்துளைகள் சிறு குழிகளுக்குள் மறைந்திருப்பதால் நீரிழப்பு குறைகிறது. கடும் வெயிலையும் செடி தாங்குகிறது. மஞ்சள் அரளி வேறு இனம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த அதன் விதையும் கொடிய நஞ்சே.

குடும்பம்

அரளி 'அப்போசைனேசி' குடும்பத்தைச் சேர்ந்தது. ஒடித்தால் பால் வடிதல், மொட்டில் இதழ்கள் முறுக்கிக்கொண்டிருத்தல், பல இனங்களில் காய்கள் இரட்டையாகக் காய்த்தல் ஆகியவை இக்குடும்பத்தின் அடையாளங்கள். நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, எருக்கு ஆகியவை அரளியின் உறவுகள். சுவிங்கத்துக்குப் பால் தந்த நம் காட்டு ஜெலுத்தோங் மரமும் அப்படியே. ரப்பர் மரமும் பால் தரும். ஆனால் அது ஆமணக்குக் குடும்பம். நித்தியகல்யாணியிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து கிடைக்கிறது.

எச்சரிக்கை

அரளியில் உள்ள 'ஓலியாண்ட்ரின்' இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும். வாந்தி, வயிற்றுவலி, தலைச்சுற்றல் ஆகியவையும் ஏற்படும். காயவைத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. அரளியை மென்றதால் நேர்ந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு மரணத்துக்குப் பின், 2024 மே மாதம் கேரளாவின் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க உத்தரவிட்டது. பூசைக்குத் தடை இல்லை.

நாமும் அதையே கடைப்பிடிக்கலாம். மாலையாகச் சூட்டுங்கள், பொங்கல், பஞ்சாமிர்தத் தட்டுகளில் அரளியைத் தூவ வேண்டாம். பறித்த பின் கை கழுவுங்கள். குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஆடுமாடு மேயும் இடத்தில் வெட்டிய கிளைகளைப் போடாதீர்கள். யாராவது மென்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்; மருத்துவமனைக்குப் போகும்போது செடியின் ஒரு துண்டையும் கொண்டு செல்லுங்கள்.