சனிக் கோளும் முப்பது ஆண்டுகளும்

இஸ்லாமிய உலகின் அறிவியல் சாதனைகளைப் பேசும்போது அறிஞர் பெருமக்களின் பெயர்களையும் நூல்களையும் பெருமையுடன் பட்டியலிடுகிறோம். அவர்தம் ஆய்வுகளுக்கான செலவை யார் ஏற்றனர், எத்துணைக் காலம் ஏற்றனர் என்னும் வினாவை அரிதாகவே எழுப்புகிறோம்.

கலீஃபா மஅமூன் (ஆட்சி: 813–833) காலத்தில் அச்செலவை அரசுக் கருவூலம் ஏற்றது. பக்தாதின் ஷம்மாஸிய்யாவிலும், திமிஷ்கை அடுத்த காஸியூன் மலையிலும் 828 முதல் 832 வரையிலான காலத்தில் ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் இயக்கம் நோக்கப்பட்டது. ஸின்ஜார் சமவெளியில் இரு குழுவினர் வடக்கும் தெற்குமாகப் புறப்பட்டு, வானத் துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும்வரை நிலத்தை அளந்து சென்றனர். அல்குவாரிஸ்மி தமது இயற்கணித நூலை இக்கலீஃபாவின் ஊக்குவிப்பினால் எழுதினார். எனினும், 833இல் மஅமூன் மறைந்ததும் அரசின் நோக்கீட்டுத் திட்டம் முடிவுற்றது. செல்வந்தர்களான பனூ மூஸா சகோதரர்கள் பின்னர்த் தம் சொந்த முயற்சியில் வானத்தை நோக்கினர்.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் மராகாவில் வேறொரு வழி திறந்தது. 1258இல் பக்தாதை அழித்த ஹுலாகுவே, மறு ஆண்டில் அங்கு வானாய்வகம் எழுப்ப இசைந்தது வரலாற்றின் விந்தை. அதன் தலைவர் நஸீருத்தீன் தூஸி. சனிக் கோள் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகும். ஆகவே முழுமையான நோக்கீட்டுக்கு அக்காலம் வேண்டும் என்றார் அவர். பன்னிரண்டு ஆண்டுகளில் முடிக்குமாறு ஹுலாகு வற்புறுத்தினார். ‘ஸீஜே இல்கானி’ என்னும் வானியல் அட்டவணை, முன்னோரின் நோக்கீடுகளையும் துணைகொண்டு, ஏறத்தாழ அக்காலத்திலேயே நிறைவு பெற்றது.

ஆனால் ஆய்வகம் அத்துடன் மூடப்படவில்லை. நாட்டின் வக்ஃபுகளை மேற்பார்வையிடும் பொறுப்பு தூஸியிடம் இருந்தது. அவ்வருவாயின் ஒரு பகுதி ஆய்வகத்துக்குச் சென்றது. 1265இல் ஹுலாகுவும், 1274இல் தூஸியும் மறைந்த பின்னரும் பணி தொடர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தூஸியின் மகன் ஒருவர் அதன் பொறுப்பில் இருந்தார். புரவலர் மறுத்த முப்பது ஆண்டுகளை மராகா கடந்துவிட்டது.

இதற்கு மாறானது இஸ்தான்பூலின் கதை. 1577இல் தகீயுத்தீனுக்காக வானாய்வகம் அமைத்த சுல்தான் மூன்றாம் முராதே, 1580இல் அதை இடிக்க ஆணையிட்டார். ஓர் ஆணையால் எழுந்தது, மற்றோர் ஆணையால் வீழ்ந்தது.

மருத்துவமோ இத்தகைய இடர்களிலிருந்து பெரிதும் காக்கப்பட்டது. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மன்ஸூரி மருத்துவமனைக்கு நிலையான வக்ஃபு இருந்தது. மருத்துவம் கற்பிப்பதற்கும் அதில் இடம் ஒதுக்கப்பட்டது. நுரையீரல் வழியான குருதிச் சுழற்சியை விளக்கிய இப்னு நஃபீஸ், தம் இல்லத்தையும் நூலகத்தையும் அம்மருத்துவமனைக்கே வழங்கினார். அது பல நூற்றாண்டுகள் இயங்கியது. பிணி தீர்ப்பதை அறம் என ஏற்பதில் எவருக்கும் தயக்கம் எழவில்லை. விண்மீன்களை அளப்பதற்கு அந்த ஏற்பு எளிதில் கிட்டவில்லை.

இறப்புக்குப் பின்னும் நன்மை சேர்ப்பனவற்றுள் பயன்தரும் கல்வியையும் ஒன்றாக நபிமொழி எண்ணுகிறது. வக்ஃபு என்றதும் பள்ளிவாசலையும் கப்ருஸ்தானையும் மட்டுமே நினைக்கும் நாம், ஓர் ஆய்வு முடிவதற்கு வேண்டிய முப்பது ஆண்டுகளையும் அவ்வறத்தின் கணக்கில் சேர்ப்போமா?