பணிக்கரும் பள்ளக்காடும்

என் பத்திரிகை வாழ்வில் அதிகமாக எழுதிய செய்தி எதுவென்று கேட்டால், தேர்தலையும் போரையும் நான் சொல்ல மாட்டேன். ‘காட்டு யானை தாக்கி விவசாயி பலி’ என்ற சிறு செய்தியைத்தான் சொல்வேன். ஊரின் பெயரும் இறந்தவரின் வயதும் மாறும், மற்றவை மாறா. யானை இறந்தால் அதைவிடக் குறைந்த இடமே கிடைக்கும். இரண்டு சாவுகளுக்கும் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது என்பதை எழுத அந்தச் சில வரிகளில் இடமிருந்ததில்லை. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கல்முனைப் பகுதியை அறியாத வாசகர்களுக்காக முதலில் ஒரு குறிப்பு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று வடக்கிலிருந்து தெற்காக நீளும் இந்த ஊர்கள் ஓர் ஒடுங்கிய மணற்பரப்பில் நெருக்கமாக அமைந்தவை. கிழக்கே கடல். மேற்கே வயல். வயலுக்கும் அப்பால் காடு. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும் இந்தக் கரையில் கடல் மீனைத் தந்தது. வயல் சோற்றைத் தந்தது. வயலுக்கு நீரைத் தந்தது காடு.

கிழக்கின் முஸ்லிம்களுக்கும் யானைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. காட்டு யானையைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ‘பணிக்கர்’ என்போர் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்தனர். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஏறாவூர் இதற்குப் பெயர் பெற்ற ஊர். குடியேற்றக் காலத்து உயரதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட நூலில் இவர்களை வியந்து விவரித்திருக்கிறார். தடத்தைப் பார்த்தே யானையின் போக்கை அறிவார்கள். ஓரிருவராகப் பின்தொடர்ந்து சென்று, தோற்கயிற்றுச் சுருக்கை அதன் பின்னங்காலில் மாட்டி மரத்தோடு பிணைப்பார்கள். பிடிபட்ட யானைகள் இந்தியாவுக்கு விற்கப்பட்டன. இது இரக்கமுள்ள தொழில் என்று நான் வாதிடவில்லை. ஆனால் யானையின் வழி எது, அது எந்த மாதத்தில் எந்தக் குளத்துக்கு வரும் என்ற அறிவின்றி அத்தொழிலை ஒருநாளும் செய்திருக்க முடியாது.

பிரித்தானிய ஆட்சி யானையைப் பயிரழிக்கும் பிராணியாகக் கருதி, கொன்றவர்களுக்குச் சன்மானம் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக அதே டெனன்ட் எழுதுகிறார். அழிவு கண்ணுக்குப் புலனான பின்னரே பாதுகாப்பு என்ற எண்ணம் எழுந்தது. அதுவும் வேட்டைக்காரர்களின் எண்ணமாகவே தொடங்கியது. பின்னாளில் தேசிய பூங்காவான யால, அதற்கு முன்னர் வேட்டைக்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிலைமையை மாற்றியது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. 1949இல் வனஜீவராசிகளுக்கென ஒரு தனித் திணைக்களம் உருவானது.

அதே 1949இல்தான் எங்கள் மாவட்டத்தின் தலைவிதியை மாற்றிய கல்லோயாத் திட்டமும் தொடங்கிற்று. தமிழில் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய நதி இங்கினியாகலையில் அணையிட்டு மறிக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் பிறந்தது. அந்த நீர்த்தேக்கத்தின் நீரேந்து பகுதியைக் காப்பதற்காக 1954இல் ஏறத்தாழ 25,900 ஹெக்டயர் பரப்பில் கல்லோயா தேசிய பூங்கா பிரகடனமாயிற்று. 1965 வரை அதை நிர்வகித்தது வனஜீவராசிகள் திணைக்களமன்று. கல்லோயா அபிவிருத்திச் சபைதான். அப்பூங்காவின் எல்லை நீரைக் கருதி வரையப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதனால் நாம் பெற்ற நன்மையை மறுக்கலாகாது. சம்மாந்துறை முதல் நிந்தவூர் வரை, கரையோர வயல்கள் பலவற்றுக்குப் பாயும் நீர் அந்தக் காட்டின் மடியில் தேங்கியதுதான். ஆனால் யானை விரும்பி மேய்ந்த ஆற்றோரச் சமவெளியில் ஒரு பகுதி நீருள் மூழ்கியது. அணைக்குக் கீழிருந்த தாழ்நிலம் குடியேற்றங்களும் நெல்வயலுமாகியது. யானையைப் பூங்காவுக்குள் விரட்டிவிட்டால் பிணக்குத் தீரும் என்பதே பல பத்தாண்டுகளாகக் கொள்கையாக இருந்தது. விரட்டப்பட்ட ஆண் யானைகளோ பழகிய தடத்திலேயே திரும்பி வந்தன. 2021இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் யானை வாழும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர் எனக் கணித்தது. அதாவது, பூங்காவுக்கு வெளியேதான் யானையின் வாழ்வில் பெரும்பகுதி நடக்கிறது. பணிக்கர் ஒருவரைக் கேட்டிருந்தால் 1954இலேயே இதைச் சொல்லியிருப்பார். கேட்பாரில்லை.

இடையில் போர் வந்தது. விவசாயிகள் கைவிட்ட வயல்கள் காடாயின. 2009க்குப் பின் திரும்பியவர்களில் பலர், தாம் உழுத காணி இப்போது வன எல்லைக்குள் இருப்பதாக முறையிட்டனர். பாதுகாப்பு என்ற சொல்லையே அச்சத்தோடு கேட்கும் மனநிலை எங்கள் ஊர்களில் உருவானதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த முறைப்பாடுகளில் நியாயமுண்டு. ஆயினும் குற்றப்பத்திரிகையின் மறுபக்கத்தையும் நாம் வாசிக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் பெயர் பள்ளக்காடு.

ஒலுவிலுக்கு மேற்கே, காட்டோரத்திலுள்ள பள்ளக்காட்டில் 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் கழிவு முகாமைத்துவ நிலையமொன்று அமைக்கப்பட்டது. சுற்றியிருந்த 9 ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டது; மீள்சுழற்சி நடைபெறவில்லை. 2014இல் மின்னல் தாக்கிப் பழுதான மின்சார வேலியும் திருத்தப்படவில்லை. யானைகள் உள்ளே வந்து பொலித்தீனோடு சேர்த்து எச்சில் உணவைத் தின்னப் பழகின. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இவ்வாறு இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. இறந்தவற்றின் வயிற்றில் உணவுப் பொதி உறைகளும் பிளாஸ்டிக்கும் இருந்தன. யானை வழமையாக உண்ணும் எதுவும் இருக்கவில்லை. குப்பை மேட்டைச் சுற்றி அகழி வெட்டப்போவதாக அரசாங்கம் அப்போது அறிவித்தது.

அந்தப் படங்களை முதன்முதலில் பார்த்தபோது, சம்மாந்துறை வயலொன்றில் பல ஆண்டுகளுக்கு முன் நான் சந்தித்த முதியவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவருடைய பாட்டனார் பணிக்கர். தடத்தைத் தொட்டுப் பார்த்தே யானை எப்போது போயிற்று என்று சொல்லுவாராம். தனக்குத் தெரிந்ததெல்லாம் யானை வெடியைக் கொளுத்துவது மட்டுமே என்று அவர் வெட்கத்தோடு சிரித்தார். மூன்று தலைமுறையில் ஓர் அறிவு எப்படிக் கரைந்துபோயிற்று என்பதை அச்சிரிப்பு எனக்கு விளக்கிற்று.

2011இல் நடந்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 470க்குக் குறையாத யானைகளும், 170க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசிய செயற்றிட்டம், பூங்கா எல்லையில் வேலியிடுவதைவிடக் கிராமத்தைச் சுற்றியும், பயிர்க்காலத்தில் மட்டும் வயலைச் சுற்றியும் வேலியிடுமாறு பரிந்துரைத்தது. அறுவடை முடிந்ததும் வயல் வேலியை விவசாயிகளே கழற்றிவிடுவார்கள். யானை வைக்கோல் தாளை மேய்ந்துவிட்டுப் போகும். காட்டையும் வயலையும் காலத்தால் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு, யானை எப்போது எங்கே வரும் என்று அறிந்திருந்தோரின் ஊர்களுக்கு அந்நியமானதாக இருக்க முடியாது.

எல்லையை வரைந்தவர்கள் நாமல்லர். காணி வழக்குகளில் அதைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் பள்ளக்காட்டில் கொட்டியது நம் வீட்டுக் குப்பை. பட்டிப்பளை ஆற்றின் நீரில் விளைந்த சோற்றை உண்டு, மிச்சத்தைப் பொலித்தீன் பையில் முடிந்து வாசலில் வைத்தவர்கள் நாமே. அடுத்த முறை அந்தச் சிறு செய்தியை வாசிக்கும்போது இதையும் சேர்த்து வாசிப்போம்.